புதுச்சேரியில் ஒரு கழித்தல் குறி

மரக்காணத்தைத் தாண்டுவதற்குள் பேருந்தின் பின்சக்கரம் வெடித்தது. சென்னையில் ஏறியதிலிருந்து என் பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்தவர் கண்ணைத் திறக்காமலே "டயரு" என்றார். பிறகு மறுபடி தூங்கிப் போனார். மற்றவர்கள் இறங்கினோம். இரண்டு பக்கமும் உப்பளம், கண்ணைத் திறக்க முடியாத வெயில்.

கோலாலம்பூரில் நெடுஞ்சாலையில் ஒரு வண்டி நின்றால் கொஞ்ச நேரத்தில் இழுவை வண்டி வந்துவிடும். பயணிகள் வாயைத் திறக்க மாட்டார்கள். இங்கே ஓட்டுநர் ஜாக்கியை வைக்கும்போது பதினைந்து பேர் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். நடத்துநர் என்னிடம் வந்து, "வெளியூரா சார்? நெழல்ல நில்லுங்க" என்றார். அங்கே பேருந்தின் நிழலைத் தவிர வேறு நிழல் இல்லை. போய் அதில் நின்றேன்.

அந்த நிழலில் நின்றபோது, வந்த வழியே திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். யோசித்தது மட்டும் போதாது, திரும்பியிருக்க வேண்டும்.

நான் கோட்பாட்டு இயற்பியலாளன். என் முகவரி அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. உண்மையில் இருபத்தைந்து வருடமாக ஒரு சமன்பாட்டைக்கூட நான் தீர்த்ததில்லை. பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசுகிறேன், எழுதுகிறேன். வானொலியில், பள்ளிகளில், கோயில் மண்டபங்களில், ஒருமுறை ஒரு நகைக்கடைத் திறப்பு விழாவில்கூடப் பேசியிருக்கிறேன். மக்கள் என்னை விஞ்ஞானி என்கிறார்கள். என் துறையில் இருக்கும் சக பேராசிரியர்கள் 'கதைக்காரர்' என்கிறார்கள். இரண்டு தரப்பில் யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும்.

புதுச்சேரியில் ஒரு வானியல் மன்றம் பேச அழைத்திருந்தது. ஒப்புக்கொண்டதற்குக் காரணம் பேச்சு அல்ல. எங்கள் நாட்டு அறிவியல் அமைப்பு ஒன்றின் உறுப்பினர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. ஓய்வு பெறுவதற்குள் அந்தக் கௌரவம் வேண்டும் என்று எனக்குப் பேராசை. குழுவில் ஒருவர் கேட்டாராம்: "இவருடைய ஆய்வு என்று சொல்ல ஒரே ஒரு கட்டுரைதான் இருக்கிறது. அதிலும் இன்னொரு பெயர் சேர்ந்து இருக்கிறது. இவர் பங்கு எவ்வளவு?" அந்த இன்னொருவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்தால் நல்லது என்று சொல்லியனுப்பினார்கள்.

அந்த இன்னொருவர் செசில். புதுச்சேரிக்காரி, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பாரிஸில் ஒரே பேராசிரியரிடம் ஒன்றாக ஆய்வு செய்தோம். என்னிடம் இருந்த அவளுடைய பழைய முகவரிக்கு மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

பேருந்து நிலையத்தில் தணிகைவேல் காத்திருந்தார். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வேலை முடிந்த பிறகு மன்றத்தை நடத்துகிறவர் அவர்தான். என் புத்தகங்கள் எல்லாவற்றையும் படித்தவர். என் பெட்டியைத் தன் ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, "ஏறுங்க டாக்டர், பயப்படாதீங்க" என்றார். நேர்க்கோடு போட்ட தெருக்களின் வழியாகப் போனோம். ஒரு தெருவுக்கு இரண்டு பெயர் எழுதியிருந்தது. எந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டாலும் ஊர்க்காரர்கள் மூன்றாவதாக ஒரு பெயரைச் சொன்னார்கள்.

மறுநாள் சனிக்கிழமை மாலை பேச்சு. பள்ளி மண்டபம் நிரம்பியிருந்தது. "பிரபஞ்சத்தோட ரகசியத்தைக் கண்டுபுடிச்சவரு" என்று தணிகைவேல் என்னை அறிமுகப்படுத்தினார். நான் புன்னகை செய்தேன். பிறகு முப்பது நாட்டுத் தமிழர்களுக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சைப் பேசினேன். விரிந்துகொண்டிருக்கும் பிரபஞ்சம் ஒருநாள் நிற்கும், சுருங்கும், சுருங்கி அழிந்துவிடாமல் ஓர் எல்லையில் தடுக்கப்பட்டு மறுபடி விரியும். மூச்சு மாதிரி. மூச்சுவிடும் பிரபஞ்சம் என்ற சொற்றொடர் என்னுடையது. அதை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். அதற்கு ஆதாரம் அந்த ஒரே கட்டுரை.

விரிவு குறையவில்லை, வேகமெடுக்கிறது என்று தொலைநோக்கிகள் காட்டிப் பத்து வருடம் ஆகிறது. அதற்கும் ஒரு பத்தி சேர்த்துக்கொண்டேன். கேட்பவர்கள் அந்தப் பத்தியில் கொட்டாவி விடுவார்கள், மூச்சு வந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர், "ஜெனீவால பூமிக்கு அடியில இன்னாமோ மிஷின் போட்டிருக்காங்களாம். அத்த ஓட்டுனா உலகமே உள்ள போயிடுமா சார்?" என்று கேட்டார். அணுத்துகள்களை மோதவிடும் இயந்திரம் அது; அந்த மாதம் எந்த ஊரிலும் அதுதான் முதல் கேள்வி. போகாது என்றேன். அவருக்கு ஏமாற்றம். அடுத்தவர் கேள்வி கேட்கவில்லை; நான் சொன்னதெல்லாம் நம் புராணத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிவித்தார். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அதன் ஜரிகை கழுத்தில் குத்தியது.

ஞாயிறு காலை தணிகைவேல் என்னை நோணாங்குப்பம் படகுத்துறைக்கு அழைத்துப்போனார். அங்கிருந்து உப்பங்கழி வழியாகக் கடற்கரை மணல்திட்டுக்குப் போக வேண்டும். முதல் படகு, நாங்கள் இரண்டு பேரும் ஒரு புதுமணத் தம்பதியும் மட்டும். பாதி வழியில் இயந்திரம் இருமி நின்றது. படகோட்டி கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு பீடி பற்றவைத்துக்கொண்டு, "பின்னால ஒண்ணு வரும் சார், கட்டி இழுத்துக்கினு போவான்" என்றார். அசையாத தண்ணீர். ஒரு கொக்கு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தணிகைவேல் பையிலிருந்து என் முதல் புத்தகத்தை எடுத்தார். அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.

"இத என் வொய்ஃபுக்குப் படிச்சுக் காட்டினேன் சார். ஆஸ்பத்திரில. கடைசி ஒரு மாசம். அவங்களுக்கு மூச்சு அத்தியாயம்தான் புடிக்கும். திரும்பத் திரும்ப அதையே படிக்கச் சொல்லுவாங்க. 'அப்ப எல்லாம் திரும்ப வரும்ல?'ன்னு கேட்டாங்க. வரும்னு டாக்டரே எழுதியிருக்காருன்னு சொன்னேன்."

அவர் அழவில்லை. சாதாரணமாகச் சொன்னார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

அவரே பேச்சை மாற்றினார். "நேத்து செசில் மேடம் வந்திருந்தாங்களே, பாத்தீங்களா சார்? கடைசி வரிசையில இருந்தாங்க. நம்ம மன்றத்துல வந்து கணக்குச் சொல்லிக் குடுப்பாங்க. உங்களோட பாரீஸ்ல படிச்சாங்களாமே. இத்தினி வருசமா ஒரு வார்த்தை சொன்னதில்ல. நேத்துதான் சொன்னாங்க."

என் புத்தகத்தில் செசிலுக்குப் பெயர் இல்லை. 'என் தோழர் ஒருவர்' என்று ஒரே ஓர் இடத்தில் வருகிறாள்.

"வீடு எங்கே தெரியுமா?" என்று கேட்டேன்.

"கருவடிக்குப்பம். நான் கொண்டுபோய் விடறேன் சார்."

பின்னால் வந்த படகு எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கே திரும்பியது. மணல்திட்டை நான் பார்க்கவில்லை.

மதியம் கருவடிக்குப்பத்தில் என்னை இறக்கிவிட்டு தணிகைவேல் போய்விட்டார். கதவைத் திறந்தவர் செசிலின் அண்ணன் அந்துவான். பிரெஞ்சு ராணுவத்தில் சமையல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், கையில் கரண்டியோடு நின்றார். பெயரைச் சொன்னேன். முகத்தில் எதுவும் மாறவில்லை. "உள்ள வாங்க முசியே, குந்துங்க" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

உள் அறையில் அண்ணனும் தங்கையும் பிரெஞ்சில் பேசிக்கொண்டது கேட்டது. எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது செசிலுக்குத் தெரியும். இருந்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

"அந்த ஆள்தானா?"

"அவன்தான்."

"சாப்பாடு போடணுமா?"

"போடணும். வீட்டுக்கு வந்திருக்கிறான்."

பிறகு அவள் வெளியே வந்தாள். முடி முழுக்க வெள்ளை. மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கியது. "வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்றாள். பாரிஸில் மூன்று வருடம் நாங்கள் ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் கூப்பிட்டோம். அந்த 'ங்க' என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது போல இருந்தது.

சோறும் வஞ்சிரக் குழம்பும். அந்துவான் மட்டும் நீள ரொட்டியைக் கிழித்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார். புளி குறைவு, பூண்டு அதிகம். எங்கள் ஊர் மீன் தலைக் கறியைவிட நன்றாக இருந்தது என்று சொன்னேன். "கேம்ப்ல முந்நூறு பேருக்குச் செஞ்ச கை முசியே" என்றார். சாப்பிடும்போது அவர் பேசியது அது ஒன்றுதான். தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"நேத்து நல்லா பேசினீங்க" என்றாள் செசில். "எல்லாரும் அசையாம கேட்டாங்க."

"நீ ஏன் பார்க்காமலே போயிட்ட?"

"உங்களச் சுத்தி ஆளுங்க இருந்தாங்க."

வந்த காரியத்தைச் சொன்னேன். சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். மேசையில் கிடந்த ரொட்டித் துகள்களை அவள் விரலால் ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுன்னு எழுதணும். அவ்ளோதானே?"

"அவ்வளவுதான்."

"அந்தக் குறி?"

அதை அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் விட்டுவிடுவாள் என்று நம்பித்தான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

நடந்தது இதுதான். அந்தக் கட்டுரையின் நீண்ட கணக்கை அவள்தான் போட்டாள். நான் சரிபார்த்தேன், முன்னுரையும் முடிவுரையும் எழுதினேன். சுருங்கும் பிரபஞ்சம் தடுக்கப்பட்டுத் திரும்ப விரியும் என்பது அதன் முடிவு. வெளியானதும் கொஞ்சம் பேசப்பட்டது. அதைக் காட்டித்தான் கோலாலம்பூரில் எனக்கு வேலை கிடைத்தது. கட்டுரை வெளியான ஐந்தாம் மாதம், நான் இன்னும் பாரிஸில் இருந்தபோது, ஒரு காலை செசில் தாள்களோடு என் அறைக்கு வந்தாள். நான்காம் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி, கழித்தல் குறியாக இருக்க வேண்டும். குறியை மாற்றினால் தடுப்பு மறைந்துவிடும். பிரபஞ்சம் சுருங்கினால் சுருங்கியதுதான். மூச்சு கிடையாது.

திருத்தம் அனுப்பலாம் என்றாள். என் வேலை உறுதியாகும் வரை பொறு என்று கெஞ்சினேன். அவள் பேராசிரியரிடம் போனாள். அவளுக்கு முன்னால் நான் போயிருந்தேன். செசிலுக்கு உடம்பு சரியில்லை, தூக்கம் இல்லை, சரியாக இருக்கும் கணக்கில் எல்லாம் தவறு பார்க்கிறாள் என்று சொல்லி வைத்தேன். பேராசிரியருக்கும் அந்த முடிவு பிடித்திருந்தது. அவளுடைய உதவித்தொகை நீட்டிக்கப்படவில்லை. ஊர் திரும்பிப் பள்ளியில் கணக்கு ஆசிரியை ஆனாள்.

நான் பேராசிரியரிடம் போனது அவளுக்குத் தெரியாது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"அவரே சொன்னாரு" என்றாள் செசில். "உங்கள் நண்பர் உங்களைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறார் மத்மசேல், கொஞ்சம் ஓய்வெடுங்கள் அப்டீன்னு. நான் நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்."

"அப்ப எனக்கு வேற வழி தெரியல, செசில். அப்பா இல்ல. ரப்பர் தோட்டத்துல அம்மா ஒருத்தி சம்பாத்தியம். ரெண்டு தங்கச்சி."

"எனக்கும் வீடு இருந்துச்சு" என்றாள்.

சேர்த்து வைத்த துகள்களைக் கையில் அள்ளி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். "நாளைக்குக் காலைல வாங்க. எழுதி வைக்கிறேன்."

திங்கள் காலை போனபோது அவள் பள்ளிக்குப் போயிருந்தாள். அந்துவான் ஒட்டாத உறையை நீட்டினார். ஆட்டோவில் பிரித்தேன். மேட்டிலும் பள்ளத்திலும் எழுத்துகள் குதித்ததால் ஓட்டுநரை ஓரமாக நிறுத்தச் சொல்லிப் படித்தேன். பிரெஞ்சில், கையெழுத்தில், அரைப் பக்கம்.

'இந்தக் கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தோம். நான்காம் பக்கத்தில் இரண்டாம் உறுப்பின் குறி தவறு. தவறைச் செய்தவள் நான். கட்டுரை வெளியான ஐந்தாம் மாதம் அதைக் கண்டுபிடித்து என் கூட்டாளியிடம் சொன்னவளும் நான். பிறகு நடந்ததை அவர் உங்களுக்குச் சொல்வார்.'

கீழே கையெழுத்து. கோபமாக ஒரு சொல் இல்லை.

"எங்க சார் போகணும்?" என்றார் ஓட்டுநர். அவளுடைய பள்ளியைச் சொன்னேன்.

மதிய இடைவேளையில் செசில் வாசலுக்கு வந்தாள். கையில் சுண்ணக்கட்டித் தூள். நான் கடிதத்தை விரித்துப் பிடித்தபடி நின்றேன். ஐம்பத்தாறு வயதில், பொன்னாடை போர்த்தப்பட்ட இரண்டாம் நாளில்.

"கடைசி வரிய மட்டும் எடுத்துடு, செசில். குறி பத்தி இருக்கட்டும். அது பரவாயில்ல. எல்லாருக்கும் தப்பு வரும்."

"கடைசி வரி பொய்யா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு எடுக்கணும்?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"புடிக்கலன்னா குடுக்காதீங்க. கிழிச்சிப் போட்டுடுங்க. நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப் போறதில்ல. இத்தினி வருசம் சொன்னேனா?" என்றாள். "ரெண்டு மணிக்கு கிளாஸ் இருக்கு. போறேன்."

போய்விட்டாள். திரும்பிப் பார்ப்பாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். காவலாளி வந்து, வாசலை அடைக்காமல் ஓரமாக நிற்கச் சொன்னார்.

மாலைப் பேருந்துக்கு தணிகைவேல் வழியனுப்ப வந்தார். வழியில் சாப்பிட ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வந்திருந்தார். அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"தணிகைவேல், அந்த மூச்சு அத்தியாயம் இருக்கே. அதுல ஒரு தவறு இருக்கு."

அவர் உடனே பையைத் திறந்து புத்தகத்தையும் சட்டைப்பையிலிருந்து பென்சிலையும் எடுத்தார். "அச்சுப் பிழையா சார்? எந்தப் பக்கம்னு சொல்லுங்க, இப்பவே திருத்திக்கிறேன்."

பென்சில் முனை தாளுக்கு மேலே காத்திருந்தது. படகில் அவர் சொன்னதை நினைத்தேன். அவர்மேல் இரக்கப்பட்டுத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று இங்கே எழுதிவிடலாம், படிப்பவர்களும் நம்புவார்கள். ஆனால் என்னை விஞ்ஞானி என்று கூப்பிடும் அந்த முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் காரணம்.

"ஊருக்குப் போய் எழுதறேன்" என்றேன்.

"எழுதுங்க சார்" என்றார். பேருந்து நகரும்வரை நின்று கையசைத்தார். இந்த முறை டயர் வெடிக்கவில்லை. ரொட்டியை நான் சாப்பிடவில்லை. கிண்டிக்கு வரும்போது அது கல்லாகியிருந்தது.

கோலாலம்பூர் வந்ததும் உடல்நிலையைக் காரணம் காட்டி அந்த உறுப்பினர் பதவிப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டேன். இளையவர்களுக்கு வழிவிட்டதாக ஒரு நாளிதழ் என் பணிவைப் பாராட்டிப் படத்தோடு செய்தி போட்டது. துறையில் என்னைக் கதைக்காரர் என்று சொல்கிறவர்கள்கூட வந்து கைகுலுக்கினார்கள்.

ஒரு வாரம் கழித்து உட்கார்ந்து, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, அந்தக் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். மூன்று நாள் ஆயிற்று. கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. செசில் சொன்னது சரி. நடந்த எல்லாவற்றையும் எழுதி, திருத்தம் வெளியிட வேண்டும் என்று கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு அனுப்பினேன். பதில் மரியாதையாக வந்தது. அந்தக் கட்டுரையை வெகு காலமாக யாரும் மேற்கோள் காட்டவில்லை, இந்தத் துறை அதைத் தாண்டி எங்கோ போய்விட்டது, எனவே திருத்தம் தேவையில்லை என்று கருதுகிறோம். அதாவது அந்தக் கணக்கு இயற்பியலில் செத்துப் பல காலம் ஆகிறது. என் புத்தகங்களில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது.

அந்தப் பதிலின் நகலைக் கருவடிக்குப்பத்துக்கு அனுப்பினேன். செசிலிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தணிகைவேலுக்குக் கடிதம் தொடங்கி 'அன்புள்ள' என்பதோடு நிற்கிறது.

பதிப்பாளரிடம் போய் மூச்சு அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னேன். அவர் சிரித்தார். "டாக்டர், மக்கள் அதுக்குத்தான் வாங்குறாங்க. அத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?" என்றார். அடிக்குறிப்பாவது போடலாம் என்றேன். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். மேசையில் புதிய பதிப்பின் மெய்ப்பு என் ஒப்புதலுக்குத் தயாராக இருந்தது. அச்சகத்துக்காரர் வெளியே காத்திருக்கிறார் என்று பதிப்பாளர் சொன்னார்.

பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.